எங்கள் வீட்டுப் பல்லி சொன்ன சாட்சி

"அம்மா, நீ பொய் சொன்னியா, இல்ல நம்ம வீட்டுப் பல்லி பொய் சொல்லுச்சா?"

ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் போன புதன்கிழமை கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. அவசரத்துக்கு ஒன்று சொல்லிவைத்தேன். இப்போது அதுதான் தலைவலி.

அவள் பள்ளியில் வாரம் ஒரு பிள்ளை ஒரு செய்தியை அட்டையில் ஒட்டிக்கொண்டு போய் வகுப்பில் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கான வீட்டுப்பாடம் என்று பெயர். விரலில் பசை காய்ந்திருப்பது யாருக்கு என்று எங்கள் காக்ஸ் டவுன் பகுதி அம்மாக்களைக் கேளுங்கள். விபத்துச் செய்தி வேண்டாம், அரசியல் வேண்டாம், வெள்ளம் புகுந்த வீடுகள் வேண்டவே வேண்டாம், குழந்தை பயந்துவிடும் என்று நாளிதழ்களை அலசி, கடைசியில் ஒன்றைப் பிடித்தேன். மேகம் மூடிய மலைக்காட்டில் புதிய பல்லி இனம் கண்டுபிடிப்பு. இத்தனை காலம் தான் கண்டுபிடிக்கப்படாமல் கிடந்தது பாவம், அந்தப் பல்லிக்கே தெரியாது. விரல் நீளம், பாசி நிறம், மேகத்துக்குள் குடித்தனம். இதைவிடப் பத்திரமான செய்தி கிடைக்குமா?

கடைசிப் பத்தியை ஒட்டும்போதுதான் படித்தேன். புது இனம் என்று உலகம் ஒப்புக்கொள்ள, மாதிரிக்கு ஒன்றைக் கொன்று, திரவத்தில் ஊறப்போட்டு, அருங்காட்சியகத்தில் வைப்பது வழக்கமாம். பெயர்சூட்டு விழாவும் இழவும் ஒரே நாளில். அந்தப் பத்தியைக் கத்தரித்து எறிந்தேன்.

"அந்தப் பல்லி இப்ப எங்கம்மா இருக்கு?"

"காட்டுலதான். அதோட அம்மாகூட ஜாலியா இருக்கு."

சொல்லி வாயை மூடவில்லை, டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து எங்கள் வீட்டுப் பல்லி சத்தமிட்டது. ஞாயிறு பூசை தவறாத என் மாமியார், ஜெபமாலை இருந்த கையாலேயே மேஜையைத் தட்டினார்.

"பாத்தியாடி செல்லம், பல்லியே சொல்லிடுச்சு. உங்கம்மா சொன்னது நெஜம்."

நானும் தட்டினேன். தட்டாவிட்டால் சந்தேகம் வருமே.

மகள் வகுப்பில் அப்படியே ஒப்பித்தாள், பல்லியின் சாட்சியையும் சேர்த்து. அவளுடைய மிஸ் செய்தியை முழுவதும் படித்தவர். குழந்தைகளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்ற கொள்கை வேறு அவருக்கு.

"அது செத்துப்போயி பாட்டில்ல இருக்காம். மிஸ் சொன்னாங்க," என்று ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றவள், அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் படித்தவள். தவறு செய்தால் குழந்தையிடம் ஒப்புக்கொள்ளுங்கள் என்ற வரியைப் பிள்ளை வளர்ப்புப் புத்தகத்தில் அடிக்கோடிட்டே வைத்திருக்கிறேன். அதனால் தெளிவாகச் சொன்னேன்: "பல்லிதான்."

"ஏம்மா, பல்லி எங்கயாச்சும் பொய் சொல்லுமா?" என்றார் மாமியார். இந்த வீட்டில் என்னைவிட அதற்கு நல்ல பெயர்.

மறுநாள், கழுவிக் காயவைத்திருந்த ஊறுகாய் பாட்டில் டியூப்லைட்டுக்குக் கீழே நாற்காலியில் ஏறியிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"பொய் சொன்ன பல்லிக்கு."

பீன்யா தொழிற்பேட்டையில் வேலை முடித்து வந்த கணவர் சிரித்தார். "அதப் பிடிக்க இவளால ஆகாது, விடு." நேற்று அது சுவரில் இறங்கி, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. நான் கைதட்டி விரட்டினேன்.

"நீ ஏம்மா அதக் காப்பாத்துற?"

கொசு தின்றதைத் தவிர எந்தப் பாவமும் அறியாத ஜீவன், என் பொய்க்காக பாட்டிலுக்குள் போகப்போகிறது. உண்மையைச் சொல்லிவிட்டாலோ, நாளைக்கு "ஊசி வலிக்காது", "அம்மா சீக்கிரம் வந்துடுவேன்" என்று எதைச் சொன்னாலும் அவள் என் முகத்தைப் பார்ப்பாளா, டியூப்லைட்டைப் பார்ப்பாளா? நான் ஒப்புக்கொள்ளும் நேரத்தில் பல்லி சத்தமே போடாவிட்டால், அந்த உண்மையையாவது நம்புவாளா?

பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் சொன்ன பொய்யை எப்படித் திரும்ப வாங்குவது? எந்த வார்த்தையில் தொடங்குவது? கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். பாட்டிலின் மூடியை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள்.