மலைக்குப் போன ஹீட்டர்

1992 பிப்ரவரி 8, சனிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா ஆறு குடம் பிடித்தாள். நான் இரண்டு சின்னக் குடம் பிடித்தேன். அப்பா ஏழு மணிக்குத் தறியில் உட்கார்ந்தார். எனக்குப் பள்ளி விடுமுறை. காலையில் இட்லி, தேங்காய்ச் சட்னி. அக்கா நான்கு இட்லி சாப்பிட்டாள். வாந்தி எடுக்கவில்லை.

இவ்வளவும் என் ஐந்தாம் வகுப்பு நோட்டு ஒன்றில் பென்சிலால் எழுதியிருப்பது. அந்தக் கடைசி வரியை நிம்மதியோடு எழுதினேனா, ஏமாற்றத்தோடு எழுதினேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அக்கா ஊட்டியிலிருந்து வந்திருப்பதே வாந்தி எடுக்கத்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் கணவருக்கு ஊட்டியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பெரும்பாலும் இரவு ஷிப்ட். பொங்கல் முடிந்த சில நாட்களிலிருந்து அக்காவுக்குக் காலையில் எழுந்தால் தலை கனத்தது, குமட்டியது. நாளும் தள்ளிப்போயிருந்தது, இது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்த செய்தி. அவள் மாமியார் சிவப்புக் கம்பளி நூல் வாங்கி, உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்வெட்டரைப் பின்னத் தொடங்கி, மீதியை அம்மா வீட்டில் உட்கார்ந்து பின்னி முடி என்று ஊசிகளோடு கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரம்மாள் காலை வாந்தி என்றால் பையன்தான் என்று முடிவே செய்துவிட்டார்.

ஆனால் வியாழக்கிழமை வந்தவளுக்கு வெள்ளிக்கிழமை வாந்தி இல்லை. சனிக்கிழமையும் இல்லை.

"அம்மா வூட்டுச் சோறு உள்ள எறங்கினா மசக்கை கூட பயந்து ஓடிடும்" என்றாள் அம்மா.

பதினோரு மணிக்கு மாமா ஒரு பை நெல்லிக்காயோடு வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அப்போதுதான் எங்கள் பக்கத்தில் வீடுவீடாக கேஸ் வந்துகொண்டிருந்தது. விறகில் பழகியவர்களுக்கு அந்த நீலத் தீயின் மேல் நம்பிக்கை வரவில்லை. தீ போதவில்லை என்று அடுப்பைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் வருவார்கள். பர்னருக்கு கேஸை அளந்து விடுகிற பித்தளை ஜெட்டை அவர் கழற்றி, மயிர் போன்ற ஒரு துளைக்கம்பியை அதன் ஓட்டையில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி அகலப்படுத்தித் தருவார். கோயில் இட்லி அவிக்கிற சமையல்காரருக்கு இரண்டு சுற்று. பிறகு பாத்திரத்தின் அடி கொஞ்சம் கறுக்கும். விறகில் கறுக்காத பாத்திரமா என்று யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்காவின் தலைப் பொங்கலுக்குத் தாய்மாமன் சீராக அவர் கொடுத்தது ஒரு கேஸ் ஹீட்டர். ஊட்டிக் குளிருக்கென்று சென்னைக்குப் போய் வாங்கிவந்த வெளிநாட்டுச் சரக்கு. சீர் புறப்படுவதற்கு முதல் நாள் எங்கள் கூடத்தில் வைத்துக் கொளுத்திக் காட்டினார். மூன்று பர்னர்களிலும் நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. எல்லோரும் கையை நீட்டிச் சூடு பார்த்தோம். மாமாவுக்கு மட்டும் திருப்தி இல்லை.

"இது காஞ்சிபுரத்துக்குச் சரி. அங்க பொண்ணு நடுங்கிக்கினு கெடக்குமே" என்றார். அங்கேயே உட்கார்ந்து மூன்று ஜெட்டையும் கழற்றி, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று சுற்றினார்.

பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் வேறு மூன்று ஜெட்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "கொசு மூக்கு கூட நொழையாது போலக்கீது. இந்தா பாப்பா, வெச்சி வெளையாடு." பெட்டியோடு வந்த வழவழப்பான ஆங்கிலத் தாளும் எனக்கே வந்தது. ஜெட்டுகளை அறுந்த பட்டு நூலில் கோத்து என் பொம்மையின் கழுத்தில் கட்டினேன். தாளை என் நோட்டுக்கு அட்டை போட்டேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மாமா நெல்லிக்காயைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே அக்காவின் பெட்டியைத் திறந்த அம்மா கத்தினாள். முகூர்த்தப் புடவை, அப்பா தன் கையால் நெய்தது, அதன் ஜரிகை மங்கிக் கிடந்தது. அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, கரையை விரலால் ஒருமுறை தேய்த்தார். விரல் கறுத்தது.

"ஜரிகை கெடல. இது புகை" என்றார்.

மாமா அந்த விரலைப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இத எங்கம்மா வெச்சிருந்த?"

"ரூம்ல, கொடியில மாமா. ஹீட்டருக்கு மேல."

"ஹீட்டர் எப்டி எரியுது?"

"சூப்பரா எரியுது மாமா. மஞ்சளா, நாக்கு நாக்கா. லைட்டே போட வேணாம். ஜன்னல் சந்துல துணிய வெச்சி அடைச்சிட்டுப் படுத்தா காலைல வரைக்கும் சூடு."

"மஞ்சளா?"

"ஆமா."

மாமா கீழே உட்கார்ந்துவிட்டார். "எந்நாளாவது கொளுத்தாம படுத்தியா?"

"சிலிண்டர் தீந்துபோயி ரெண்டு நாளு."

"அந்த ரெண்டு நாளு வாந்தி வந்துச்சா?"

அக்கா யோசித்தாள். இல்லை என்று தலையசைத்தாள். அம்மா கோபமாகக் கேட்டாள்: "ஏன்டா, உன் ஹீட்டருக்கும் அவ மசக்கைக்கும் என்னடா சம்பந்தம்?"

"அக்கா, நீ சும்மா இரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாமா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, அந்தப் பேப்பரு எங்க?"

நான் நோட்டைக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் பிளஸ் டூ வரை படித்தது அக்கா ஒருத்திதான். என் பெயரும் வகுப்பும் எழுதியிருந்த லேபிளை உரித்துவிட்டு, அதற்கு அடியில் இருந்ததையும் சேர்த்து அவள்தான் படித்துச் சொன்னாள்.

"ஒசரமான ஊர்ல காத்து லேசா இருக்குமாம் மாமா. அதனால கேஸக் கொறைக்கணும், கூட குடுத்திருக்கிற சின்ன ஜெட்ட மாத்திப் போடணும்னு போட்டிருக்குது. இல்லன்னா தீ முழுசா எரியாம வெஷ வாயு..." அங்கே நிறுத்தினாள். அதற்கு மேல் என்ன இருந்தது என்பதை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. பிறகு, "இன்னிக்கு அவருக்கு நைட் லீவு. வூட்லதான் படுப்பாரு" என்றாள்.

மாமா வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளையும் மறந்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். மூன்று முறை லைன் கிடைக்கவில்லையாம். நான்காவது முறை தொழிற்சாலைக் காவலாளி எடுத்திருக்கிறார். அக்காவின் கணவரைக் கூப்பிட்டுவர ஆள் அனுப்பி, அவர் வந்து பேசுகிற வரைக்கும் மாமா போனைப் பிடித்தபடியே நின்றிருக்கிறார். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஹீட்டரத் தொட மாட்டேன்னு சொல்லிட்டாரு" என்றார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தச் சின்ன ஜெட்டுகளை என்ன செய்தேன் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். தொலைத்திருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

நான் எதையும் தொலைக்கிறவள் அல்ல. பொம்மையைக் கொண்டுவந்து, முடிச்சை அவிழ்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அவர் கையில் வைத்தேன். என்னை எல்லோரும் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாமா ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. கடையிலிருந்த துளைக்கம்பியை அவர் பிறகு என்ன செய்தார் என்று தெரியாது. தீ போதவில்லை என்று வந்தவர்களை அதன் பிறகு வேறு கடைக்குப் போகச் சொல்லிவிட்டார் என்பது மட்டும் தெரியும்.

நான்கு மணி பஸ்ஸுக்கு அவர் புறப்பட்டார். ஜெட்டுகளை வேட்டி முனையில் முடிந்துகொண்டார். தாளையும் கேட்டார். நான் அட்டையைக் கிழியாமல் கழற்றிக் கொடுத்தேன். அதனால்தான் அந்த நோட்டுக்கு இன்றும் அட்டை இல்லை.

ஐந்தரைக்கு அம்மா அக்காவை லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஏழேகாலுக்குத் திரும்பி வந்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே அப்பாவிடம், "ஒண்ணும் இல்லியாம்" என்றாள். அப்பா தறியை நிறுத்தினார். அந்த வாயுவில் உடம்பு கெட்டதால்தான் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உசுரு பொழச்சுதே, அதச் சொல்லு. எவ்ளோ பெரிய கண்டம்!" என்று அக்காவின் தலையைச் சுற்றி உப்பு, மிளகாய் எடுத்துப் போட்டார். இன்னொரு மாதம் அந்த அறையில் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நல்லவேளை என்ற சொல்லை அன்று மாலை பலமுறை கேட்டேன்.

அன்றைய பக்கத்தின் கடைசி வரிகளை அப்படியே எழுதுகிறேன்: "அக்காவுக்கு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் தறிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். கல்யாணப் புடவை பாழானதால்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே அக்கா என்னை எழுப்பினாள். மடியில் அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் இருந்தது. ஒரு கை முடிந்திருந்தது, மறு கை பாதியில் நின்றது. ஊசிகளை உருவி ஓரமாக வைத்துவிட்டு, நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். வரிசை வரிசையாகப் பிரிந்து வந்தது. நூல் சுற்ற வீட்டில் ராட்டை இருந்தது. ஆனால் அவள் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, அவற்றில் சுற்றினாள்.

"யாருக்குக்கா இது?" என்றேன்.

"ஒனக்குதான்."

"பெருசா பின்னுவியா?"

"கைய நேரா வெச்சிக்கோ."

எனக்குத்தான் ஸ்வெட்டர் என்ற மகிழ்ச்சியில், நூல் தளராதபடி இரண்டு கைகளையும் ஒரே அளவில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நூலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.