“நல்லாயிருக்கு” என்று திருப்பிக் கொடுத்த பலகைகள்

கோயில் வாசலிலும் திருமண மண்டபத்திலும் என் மனைவியைக் காண்போர் அண்மைக் காலமாக ஒரே வினாவைக் கேட்கின்றனர்: “அன்ரி, நீங்கள் வாங்கின ஸ்கீ என்ன பிராண்ட்?” பனிச்சறுக்கில் ஒருமுறை விழுந்து, இனி அப்பக்கமே போவதில்லை என்றிருந்தவர், இப்போது உச்சியிலிருந்து நிற்காமல் இறங்கி வருகிறார் என்ற செய்தி ரொறன்ரோவில் எங்கள் ரூஜ் அயலில் பரவிவிட்டது. அவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். கேட்டவரும் அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு செல்வார். பெயர் மட்டும் போதாது என்பது எனக்குத் தெரியும். அந்தச் சறுக்குப் பலகை எங்களிடம் வந்து சேர்ந்த வழியை அறியாதவர் தமக்கு ஒவ்வாத ஒன்றை வாங்கி வாகனக் கொட்டிலில் சாத்திவைக்க நேரும். ஆகவேதான் இதனை எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இருவரும் பணி ஓய்வுக்குப் பின்னரே பனிச்சறுக்குப் பழகினோம். ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள ஒரு குன்றுக்குத்தான் செல்வோம். அதை மலை என்று அழைப்பது எங்கள் அன்பின் மிகுதி. உண்மையைச் சொன்னால், கீழே சறுக்கி வருவதிலும் பார்க்க, இருவர் அமரும் தூக்கு நாற்காலியில் மேலே செல்வதே எனக்கு விருப்பம். வீட்டில் என் மனைவியின் உரையாடலைப் பெறுவதற்குத் தொலைபேசியோடு போட்டியிட வேண்டும். நாற்காலியிலோ கையுறையைக் கழற்றித் தொலைபேசியைத் தொட முடியாது. கீழே செல்வோரை அவர் விமரிசிப்பார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

“உவரைப் பாருங்கோ, கோழி கலைக்கிற மாதிரிக் கையை விரிச்சுக்கொண்டு போறார்.”

“நானும் அப்பிடித்தானே போறனான்?”

“நீங்கள் கோழி மாதிரி. அவர் கலைக்கிற ஆள்.”

அவருடைய முதற் பலகைகள் விட்பி நகரில் வாழும் அவர் தங்கையிடமிருந்து வந்தவை. தங்கையின் மகள் போட்டிகளில் சறுக்கியவள். நீளமும் விறைப்பும் மிக்க, இடை ஒடுங்கிய பலகைகள் அவை. அவற்றோடு என் மனைவி பட்ட பாடு எனக்குத் தெரியும். “எப்பிடியக்கா, சரியோ?” என்று தங்கை கேட்கும்போதெல்லாம், “அந்தமாதிரி” என்றே புகழ்ந்து விடை சொல்வார். ஆசையாகக் கொடுத்த பொருளில் குறை காண்பது எங்கள் வழக்கமன்று. கறியில் உப்புக் கூடினாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குகிறவர்கள் நாங்கள்.

எங்கள் குன்றின் பனி ஒரே தன்மையது அன்று. நிழல் விழும் உச்சிப் பகுதி பீங்கான்போல் இறுகிக் கிடக்கும். நடுச்சரிவு இயந்திரத்தால் செவ்வையாக வாரிவிடப்பட்டிருக்கும். அடிப்பகுதியில், பலர் சறுக்கி ஒதுக்கிய ஈரப்பனி தேங்காய்ப்பூப்போலக் குவிந்திருக்கும். அத்தகைய ஒரு குவியலில் பலகையின் மூக்குப் புதைந்துதான் அவர் விழுந்தார். எலும்புக்குச் சேதமில்லை, துணிவுக்குத்தான். அடுத்தமுறை சென்றபோது, சரிவு முழுவதையும் பக்கவாட்டில் அடி அடியாக இறங்கி முடித்தார். வீடு திரும்பும் வழியில், காரின் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

“இன்னும் ஒருக்கா வந்து பாக்கிறன். சரிவராட்டி உதெல்லாத்தையும் ஆருக்கும் குடுத்துப்போட்டு, மோலுக்குள்ளை நடப்பம்.”

மோல் என்னும் அங்காடி வளாகத்துள் நடப்பதில் இழிவேதும் இல்லை. எங்கள் வயதினர் பலர் காலை வேளைகளில் அங்கேதான் நடக்கின்றனர். ஆயினும் அங்கே தூக்கு நாற்காலி இல்லை.

அந்த “இன்னும் ஒருக்கா” ஒரு பங்குனி நாளில் வாய்த்தது. குன்றின் அடியில் ஒரு சிறு கடை உண்டு. பலவகைப் பலகைகளை அங்கே மாறி மாறி எடுத்துச் சறுக்கிப் பார்த்து, பிடித்ததை வாங்கலாம். கடையில் நின்ற வெள்ளைக்காரப் பெண் மிக இனியவள். முழந்தாளிட்டு, என் மனைவியின் சப்பாத்துகளைத் தானே பலகையில் பூட்டிவிட்டாள். முதலிற் கொடுத்தது இடை ஒடுங்கிய ஒன்று. சறுக்கித் திரும்பியதும், எப்படி இருந்தது என்று கேட்டாள்.

“வெரி நைஸ்,” என்றார் என் மனைவி. “வேறையும் ஒண்டு பாக்கலாமோ?” என்பதையும் ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார்.

இரண்டாவது பலகை அகன்றது. அதற்கும் “வெரி வெரி நைஸ்” கிடைத்தது. இரண்டும் பிடித்திருந்தால் ஏன் மாற்றுகிறார் என்று அப்பெண் சற்றே குழம்பினாள். பின், ஏதோ விளங்கியவள்போல் உள்ளே சென்றாள். அந்த இடைவெளியில் நான் மெல்லக் கேட்டேன்.

“உண்மையா நல்லாயிருந்ததோ?”

“எங்கை! முதல் தந்தது ஐஸிலை நல்லாப் பிடிச்சுது. குவியலுக்கை போனவுடனை மூக்கைக் குத்துது. மற்றது குவியலுக்கு மேலாலை மிதக்குது. ஐஸிலை பல்லெல்லாம் ஆடுது.”

“அதை அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுமன்.”

“சும்மா இருங்கோ. பாவம், இந்தக் குளிருக்கை குனிஞ்சு பூட்டித் தந்தவள். அவளின்ரை முகத்துக்கு நேரை குறை சொல்லுறதே?”

அப்பெண் திரும்பி வந்தாள். அவள் கையிலிருந்த பலகை முன்னவற்றிலும் நீண்டது. தங்கை கொடுத்ததன் உடன்பிறப்புப் போலிருந்தது. எந்தப் பலகையிலும் இத்தனை இலகுவாகச் செல்லும் உங்களுக்குக் கைதேர்ந்தோர் பாவிப்பதே பொருந்தும் என்று மகிழ்ச்சியோடு விளக்கினாள். அவருடைய உபசாரமே அவரை நிபுணராக்கிவிட்டது. அவர் அப்பலகையைப் பார்த்தார். தலைக்கவசத்தின் பட்டியை அவிழ்த்தார்.

“போதுமப்பா. வீட்டை போவம்.”

அக்குரலில் கோபம் இருந்திருந்தால் நான் அஞ்சியிருக்க மாட்டேன். மோலின் பளிங்குத் தரை என் கண்முன் தோன்றியது.

“இஞ்சரும், ஸ்காபரோ மீன்கடையிலையும் நீர் இப்பிடித்தானோ கதைக்கிறனீர்?” என்றேன்.

மீன்கடையில் அவரை அறியாதார் இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, “அண்ணை, உது ஐஸுக்கை கிடந்து களைச்சுப்போச்சு, உள்ளை இருக்கிறதை எடுங்கோ” என்பார். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார்.

“மீன் நான் தின்னுறது,” என்றார்.

“இது நீர் விழுறது.”

என்னை முறைத்தார். பிறகு அப்பெண்ணை நோக்கித் திரும்பி, மீன்கடைக்குரிய நேர்மையோடு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். முதலாவது எங்கே குத்தியது, இரண்டாவது எங்கே நடுங்கியது, கையிலிருப்பதைக் கண்டாலே ஏன் வீட்டுக்குப் போகத் தோன்றுகிறது என்பதையெல்லாம் சொன்னார். முன்பு குவியலில் விழுந்ததையும் மறைக்கவில்லை. அப்பெண் வருந்தவில்லை. நிம்மதியுற்றவள்போல் வாய்விட்டுச் சிரித்தாள். நீண்ட பலகையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேறொன்றைக் கொண்டுவந்தாள்.

நிமிர்த்திவைத்தால் அது அவருடைய மோவாயளவே உயரம். இடை ஒடுக்கமும் அன்று, அகலமும் அன்று. மூக்குச் சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தது; குவியலில் புதையாமல் ஏறிச்செல்வதற்காம். பாதத்தின் கீழ்ப்பகுதி மெல்லிய வில்போல் அமைந்திருந்தது. மிதிக்கும்போது விளிம்பு உறைபனியில் பதிவதற்காம். எல்லா வகைப் பனிக்கும் ஏற்ற பலகை என்றாள்.

மேலே செல்லும்போது நாற்காலியில் அவர் எவரையும் விமரிசிக்கவில்லை. உச்சியில் இறுகிய பகுதியைக் கண்டதும் நின்றார். முதல் திருப்பம் மிகச் சிறியது. இரண்டாவது சற்றுப் பெரியது. பலகை நடுங்கவில்லை. நான் பின்னால் சென்றேன். நடுச்சரிவில் அவருடைய தோள்கள் இறங்கித் தளர்வதைக் கண்டேன். பின்பு குவியல்கள் வந்தன; அவர் விழுந்த இடமும் வந்தது. அங்கே அவர் நிற்பார் என எண்ணி நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் நிற்கவில்லை. குவியல்மேல் ஏறி, இறங்கி, அடுத்ததிலும் ஏறிச் சென்றார். நான் அடிவாரத்தை அடைந்தபோது சறுக்குத் தடிகளை ஊன்றி நின்றிருந்தார்.

“என்னப்பா, வழியிலை ஆரோடையும் கதைச்சுக்கொண்டு நிண்டனீங்களோ?”

கடையில் அப்பெண், இம்முறை உண்மையைச் சொல்லவேண்டும் என்று விரலை உயர்த்தினாள். என் மனைவி பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நிறம் சரியில்லை,” என்றார். “மற்றப்படி இதை நான் திருப்பித் தரமாட்டன்.”

இதை எழுதி முடித்து அவரிடம் காட்டினேன். மீன்கடைப் பகுதி மிகைபடக் கூறல் என்றார்; நான் நீக்கவில்லை. பனியின் வகைகளையும் பலகையின் அமைப்பையும் நான் விளங்கிக்கொண்டவாறே எழுதியுள்ளேன். சறுக்குவதில் என்னிலும் தேர்ந்தோர் இதனைப் படிக்கக்கூடும். பிழை கண்டால் தயவுசெய்து சுட்டிக்காட்டுங்கள். என் வயதை எண்ணி, “நல்லாயிருக்கு” என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்துவிடாதீர்கள்.