பெயரை மட்டும் கேட்காதீர்கள்

எங்கள் தொழிலில் சம்பளம் பேசுவதற்கு. வேலை என்னவோ பேசாமல் இருப்பது. கொரோனாக் காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சுகாதாரப் பணிமனையில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். தொற்று வந்தவரோடு பழகியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டிலேயே இருங்கள் என்று சொல்ல வேண்டும். தொற்று யாருக்கு என்பதை மட்டும் சொல்லக் கூடாது. பல்கலைக்கழகத்தில் வாய் திறக்காமலே பட்டம் வாங்கிய எனக்கென்றே செய்த வேலை என்று நினைத்தேன். ஊர் இரகசியம் ஒன்றை வயிற்றில் சுமந்து திரிந்தவர்களுக்கு மீதி புரியும்.

இடியப்பம்

பூமணியக்கா (பெயர் நான் வைத்தது) துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் இடியப்பம் விற்பவர். அவருக்குத் தொற்று உறுதியானதும், யார் யாரோடு பழகினார் என்று கேட்க அழைத்தேன். ஒளிக்காமல் சொன்னார். ஆனால் பக்கத்து ஊரில் தொற்று வந்த ஒருவரின் பெயரும் படமும் வட்ஸ்அப்பில் சுற்றியதை அவரும் பார்த்திருந்தார். உங்கள் பெயர் எங்கள் கணினியைத் தாண்டாது, தேவை முடிந்ததும் அதையும் அழித்துவிடுவோம் என்றேன்.

“காய்ச்சல் மாறீரும் பிள்ளை. வட்ஸ்அப்பில ஏறின பேர் மாறாது. பிறகு என்ர இடியப்பத்தைக் காகமும் தின்னாது.”

இருமல்

அவரிடம் இடியப்பம் வாங்குகிற ஒருவர், தன் ஒழுங்கை வீடுகளுக்கென்று வட்ஸ்அப் குழு நடத்துபவர். வீட்டிலேயே இருங்கள் என்று நான் அழைத்ததும், தொற்று யாருக்கு என்று பெயரைக் கேட்டார், குழுவில் போடத்தான். ஏலாது என்றேன். “நீங்கள் வாயே திறக்க வேண்டாம் தங்கச்சி. நான் பேரைச் சொல்லிக்கொண்டு வாறன், சரியெண்டால் ஒருக்கா இருமுங்கோ” என்றார்.

மறுப்பதற்குள் தொடங்கிவிட்டார். பேருந்து நடத்துநர், மீன்காரர்... பூமணியின் பெயர் வரப்போகிறது என்று நினைத்ததுமே எனக்குத் தொண்டை கரகரத்தது. அடக்க அடக்கக் கண்ணில் நீர் வந்தது. வேறு வழியில்லாமல் பூமணிக்கும் இருமினேன், அடுத்த பெயருக்கும் இருமினேன், அவருடைய சொந்த மாமியாருக்கும் இருமினேன்.

“தங்கச்சி, முதல்ல நீங்கள் போய் ஒரு கொரோனா ரெஸ்ற் எடுங்கோ.”

கரம்

தொற்று உறுதியான தோப்பூர் வியாபாரி ஒருவர் போன இடமெல்லாம் சொன்னார், ஒரு பின்னேரத்தைத் தவிர. “இத ஆர் ஆர் பார்ப்பாங்க மகள்? எப்ப அழிப்பீங்க?” என்று துருவிக் கேட்டார். அதைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு, பதில் சொன்னேன். அதன் பிறகுதான், வங்கிக்கென்று சொல்லிவிட்டுக் கூட்டாளி வீட்டில் கரம்போர்ட் விளையாடியது வெளியே வந்தது.

“கொரோனாவெண்டா ரெண்டு கிழமை மகள். பொஞ்சாதிக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும்.”

திரும்பவும் இடியப்பம்

பூமணியக்கா சுகமாகி, தேவையும் முடிந்து, அவருடைய விவரத்தை அழித்தோம். அதைச் சொல்ல அழைத்தேன். பழைய ஆட்களெல்லாம் வாங்குகிறார்கள், ஒழுங்கை வட்ஸ்அப் குழுக்காரரும் வருகிறார் என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அது கிடக்கட்டும் பிள்ளை. எனக்கு ஆரிட்ட இருந்து வந்தது? நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

தன் பெயர் இரகசியம், அடுத்தவர் பெயர் செய்தி: இந்தக் கிருமிக்கு மட்டும் இன்னும் தடுப்பூசி வரவில்லை.