ஜிம்மி சனிக்கிழமை கறி தின்னாது

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன், காரணமில்லாமல் எந்த மோட்டாரும் எரியாது, எனக்குத் தெரிந்த சாமி பேய் எல்லாம் அவ்வளவுதான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் தங்கை கலாவைத் திண்டிவனத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சேகர் லாரி டிரைவர். பிள்ளைகள் இல்லை, அந்த இடத்தில் ஜிம்மி என்று ஒரு நாட்டு நாய். போன வருஷம் ஆந்திராவுக்கு லோடு ஏற்றிப் போன இடத்தில், வண்டியிலேயே படுத்த மனிதர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன், நாய் எதையும் தின்னவில்லை. ஈரல் வேகவைத்துப் போட்டேன், முட்டை, பிஸ்கட், பால் எல்லாம் வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ரத்தமெல்லாம் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லைங்க, ஆள் போன ஏக்கம். வீட்ல இருக்கறவங்க பக்கத்துல உக்காந்து கையால ஊட்டச் சொல்லுங்க" என்றார்.

வீட்டில் இருக்கிறவளே சாப்பிட்டால்தானே? கலாவும் டீத்தண்ணியோடு சரி. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே, "அது போற வழில போவட்டும் வுடுண்ணா. நானும் பின்னாலயே போயிடறேன்" என்றாள். கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். நாய்க்குக் கோழிக்கறி வேகவைத்து வைத்தேன், கலாவுக்குத் தயிர்சாதம். அவள் தட்டைத் தொடவில்லை. ஜிம்மி மூலையில் சுருண்டு கிடந்தது. திடீரென்று தலையைத் தூக்கி வாசலைப் பார்த்து வாலை ஆட்ட ஆரம்பித்தது. லாரி சத்தம் கேட்டால் எப்படி ஆட்டுமோ அப்படி. நான் திரும்பிப் பார்த்தேன், வாசலில் ஒருத்தரும் இல்லை, நம்பினால் நம்புங்கள், தெருவில்கூட ஒரு ஆள் இல்லை. அது தள்ளாடி எழுந்து, கறித் தட்டை மூக்கால் ஒதுக்கிவிட்டு, கலாவின் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. தயிர்சாதத்தில் ஒரு பிடி எடுத்துக் கீழே வைத்தேன். தின்னவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

கலாவின் முகம் மாறிவிட்டது. "அண்ணா, அவரு இப்டித்தாண்ணா. நான் ஒரு வாய் வெச்சாத்தான் அவரு தட்டுல கைய வெப்பாரு." ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஜிம்மி ஒரு வாய் தின்றது. அவள் இன்னொரு வாய், அது இன்னொரு வாய். தட்டு காலியாகிற வரைக்கும் நான் மரம் மாதிரி நின்றேன்.

இன்னொன்று கேளுங்கள். மாப்பிள்ளை சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டார், பெருமாளுக்கு வேண்டுதல். ஆனால் நாய்க்கு அந்த விரதமெல்லாம் கிடையாது, அவரே எலும்பு வாங்கிப் போடுவார், அதுவும் கடித்து நொறுக்கும். அன்றையிலிருந்து ஜிம்மி சனிக்கிழமை கறி தின்பதில்லை. மற்ற நாளில் பாய்ந்து வந்து தின்கிறது. ஒரு சனிக்கிழமை சோதிக்கலாமென்று தயிர்சாதத்துக்கு அடியில் கோழியைப் பிய்த்து ஒளித்து வைத்தேன். சோற்றைச் சுத்தமாகத் தின்றுவிட்டுக் கோழியை அப்படியே விட்டிருந்தது.

டாக்டரிடம் சொன்னதற்குச் சிரித்தார். "நாய்ங்க கூட இருக்கறவங்களப் பாத்து எல்லாத்தையும் கத்துக்கும்ங்க." சனிக்கிழமையானால் கலா வீட்டைக் கழுவி சாம்பிராணி போடுவாள், அந்த வாசனையை வைத்து நாளைத் தெரிந்துகொள்கிறது என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எப்படியோ, தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். நாய்க்காக உலை வைத்தவள் தனக்கும் சேர்த்து வடித்தாள். இப்போது பைபாஸ் ஓரமாக டிபன் கடை போட்டிருக்கிறாள், லாரிக்காரர்கள் தேடி வந்து சாப்பிடுகிறார்கள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது.

போன மாசம் நான் அவள் கடையில் இருந்தபோது ஒரு டிரைவர் வந்தார். மாப்பிள்ளையோடு முன்னால் வருஷக்கணக்காக ஒரே வண்டியில் ஓடியவராம், சாவுக்கு வர முடியவில்லை என்று கலாவிடம் அழுதுவிட்டு, இட்லியும் வடையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஜிம்மி எந்த ஆள் தட்டிலும் வாய் வைக்காத நாய். நேராக அவரிடம் போய், தட்டிலிருந்த வடையைச் சரிபாதியாகக் கடித்துத் தின்றுவிட்டு, மீதியை மூக்கால் அவர் பக்கம் தள்ளியது. எனக்கு மானம் போயிற்று, குச்சியை எடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதீங்க சார். சேகர் அண்ணன் இப்டித்தான் பண்ணுவாரு. வண்டி ஓட்டிக்கினு போறப்ப எந்த ஊர்ல நிறுத்துனாலும், என் தட்டுலேர்ந்து பாதி வடைய எடுத்துக்கினு மீதிய எம் பக்கம் தள்ளி வுடுவாரு."

கலாவைப் பார்த்தேன். அவளுக்கே அது தெரியாது. ஜிம்மி ஒரு நாளும் லாரியில் ஏறியதில்லை, அந்த டிரைவரை அன்றைக்கு முன்னால் பார்த்ததுமில்லை. சாம்பிராணி வாசனை, ஏக்கம் என்று மற்றதற்கெல்லாம் நான் காரணம் வைத்திருக்கிறேன், இதற்கு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த மனிதர் மீதி வடையை எடுத்துத் தின்றார். கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி, அந்தத் தட்டில் இன்னொரு வடை வைத்தாள். அவள் வைக்கும்போது பார்த்தது என்னையும் இல்லை, அவரையும் இல்லை. யாரும் உட்காராத பக்கத்து நாற்காலியைப் பார்த்துத்தான் சிரித்தாள்.