கைச்சுற்றளவை மட்டும் பென்சிலில் எழுதினாள்

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். திண்டுக்கல் பேகம்பூரில் நான் வழக்கமாக ரவிக்கை தைக்கக் கொடுக்கும் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின், ஒரு கண்ணாடி, தெருவுக்கு இறங்க மூன்று படி, அவ்வளவுதான்.

அன்று நான் போனதே பெருமையடித்துக்கொள்ளத்தான். ஆவணியில் தங்கை மகள் கல்யாணம். அதற்காக மூன்று மாதமாகச் சோற்றைத் தொடவில்லை. ஏதோ ஒரு வீடியோவில் அரிசிதான் எமன் என்றார்கள், கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி இரண்டு துண்டு பப்பாளி. ஐந்து கிலோ குறைந்திருந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குச் சரிவிகித உணவுப் பாடம் நடத்துகிறவளே நான்தான்.

தையல்காரப் பெண் என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். பல வருடமாக என் அளவெல்லாம் அவளுடைய நீள நோட்டில் இருக்கிறது. டேப்பை வைத்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடியும் டேப்பை வைத்தாள்.

"என்னக்கா இது? இடுப்பு அரை இஞ்சுதான் கொறஞ்சிருக்கு. கையில ஒன்றரை இஞ்சக் காணோம்!"

எனக்குச் சுருக்கென்றது. "ஒன் டேப்பு இழுத்துப்போயிருக்கும்" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் புது டேப் ஒன்றைப் பிரித்து அளந்தாள். அதேதான் வந்தது.

அவளுக்கோ ஆர்வம் தாங்கவில்லை. "நோன்பு மாசம் பூரா பகல்ல பட்டினி கெடந்தும் எனக்குக் கை வத்தலையேக்கா. சரி, சோத்த விட்டீங்க. தொட்டுக்கிற வெஞ்சனமாச்சும் நல்லா சாப்பிடுறீங்களா?"

"பருப்பு வாயு, முட்டை கொழுப்பு. எல்லாத்தையும் விட்டாச்சு."

"யா அல்லா! அப்புறம் எதைத்தான் திங்கிறது?" என்று சிரித்துவிட்டாள்.

"தைக்கிற வேலைய மட்டும் பாரு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதல் படியில் கால் வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாய்ந்து வந்து அவள் பிடித்திராவிட்டால் முகம் குப்புற விழுந்திருப்பேன்.

வெளியே ஸ்கூட்டரின் பின் சீட்டில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் ஒன்பது வயது மகள் உட்கார்ந்திருந்தாள். ஓடி வந்தாள். "ஆன்ட்டி, அம்மாவுக்கு அடிக்கடி இப்படி வரும். நேத்து வண்டி ஓட்டும்போதுகூட வந்துச்சு. அப்பாட்ட சொல்லாதன்னாங்க" என்று அழுதாள்.

தையல்காரப் பெண் என் கையிலிருந்த வண்டிச் சாவியை வாங்கித் தன் மிஷின் டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, தனக்கென்று வைத்திருந்த சாப்பாட்டை எடுத்து வந்தாள். அந்த நிலைமையிலும் "சோறு வேணாம்" என்றேனே, என்னை என்ன சொல்ல! "செத்த நேரம் பேசாம சாப்பிடுங்க" என்று அதட்டினாள். தட்டைப் பார்த்தேன். சோறு ஒரு கரண்டிதான். பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை என்று மீதி முழுக்க வெஞ்சனம். எங்கள் வீட்டில் நேர்மாறு. மலை மாதிரி சோறு, ஓரத்தில் ஒரு சிட்டிகை பொரியல். நான் அந்த மலையோடு சிட்டிகையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் போன் செய்ததும் என் கணவர் வந்து எங்களை அழைத்துப் போனார். திங்கட்கிழமை டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவையும் என் கையையும் பார்த்துவிட்டு, "கொழுப்பக் கரைக்கிறேன்னு தசையக் கரைச்சிருக்கீங்க" என்றார். ரத்தமும் குறைவாம். அன்றைக்கே மதியம் சோற்றுப் பானைக்குத் திரும்பினேன். ஒரு கரண்டி சோறு, தட்டு நிறைய வெஞ்சனம். மஞ்சள் கருவையும் ஒதுக்குவதில்லை.

கல்யாணத்துக்கு ரவிக்கை வாங்கப் போனபோது தையல்காரப் பெண் நோட்டைக் காட்டினாள். எல்லா அளவும் பேனாவில், கைச்சுற்றளவு மட்டும் பென்சிலில். "இது நெலைக்கக் கூடாதுன்னுதான்க்கா. கையில உள்ளே துணி விட்டுத்தான் தச்சிருக்கேன், பெறகு பிரிச்சுக்கலாம்" என்றாள்.

தை மாதம் ரவிக்கையின் கை இறுகிப் பிடித்தது. ரவிக்கை இறுக்கமானதற்காக வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். அவள் தையலைப் பிரித்துவிட்டு, பென்சில் அளவை ரப்பரால் அழித்துப் புது அளவைப் பேனாவால் எழுதினாள். இடுப்பும் ஒரு இஞ்ச் இறங்கியிருந்தது, ஆனால் அதை என்னைவிட அவள்தான் கொண்டாடினாள்.

இன்றும் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது என் மகள் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். அது எத்தனை இஞ்ச் என்று அந்தக் கைகள் ஒருநாளும் கேட்டதில்லை.