கொலுப்படிக்குள் இருந்த பெட்டிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நவராத்திரி. நெய்த சேலையைப் பட்டுக்கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். கொலுவுக்கு முன்னால், ஒன்பது நாளும் அணையக்கூடாத விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரியைத் தூண்டக் குனிந்தேன். படியை மூடியிருந்த வேட்டி ஓரத்தில் விலகியிருந்தது. உள்ளே அட்டைப் பெட்டிகள். ஒன்றின்மேல் சரவெடிப் படம்.

"என் தம்பி வெச்சிட்டுப் போனான். தீபாவளிக் கடைக்காம்," என்றாள் மனைவி. "உயரம் சரியா இருந்திச்சி, படி கட்டிட்டேன். சாமிக்குக் கீழ இருந்தா யாரும் தொடமாட்டாங்க இல்ல?"

விளக்குக்கும் பெட்டிக்கும் ஒரு முழம்கூட இல்லை. பக்கத்தில் தறியில் பட்டுப் பாவு. ஒட்டுச் சுவருக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டுக் குழந்தைகள். 'தாயே காமாட்சி, மன்னிச்சுக்கோ' என்று விளக்கை அணையாமல் தூக்கிப் பின்கட்டில் வைத்தேன். கொலுவை நடுவில் கலைக்கிறோமே என்று அழுதுகொண்டே அவள் பொம்மைகளை எடுத்தாள்.

மச்சானைக் கூப்பிட்டனுப்பினேன். சிரித்துக்கொண்டே வந்தான்.

"இன்னா மாமா, ஊசிப் பட்டாசுக்கே காதப் பொத்திக்கிற ஆளு நீ. லைசென்ஸ் வந்துடும்பா."

"வந்தாலும் அது கடைக்குத்தான்டா. வீட்டுல வெச்சிருந்தா என்னைத்தான் புடிச்சிக்கினு போவாங்க. அதுகூடப் போவட்டும், வெடிச்சா?"

அவன் சிரிப்பு நின்றது. பஸ்ஸில் பட்டாசை ஏற்றக்கூடாது. சரக்குக் கொடுத்த வாலாஜாபாத் வியாபாரியிடம் உரிமம் உள்ள குடோன் இருந்தது. வேனை அனுப்பச் சொல்லி பூத்திலிருந்து போன் செய்தான்.

அடுப்பு மூட்டாமல் வாசலிலேயே நின்றேன். எந்தச் சத்தம் கேட்டாலும் உள்ளே எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா பிள்ளைகளோடு வந்தாள்.

"இன்னா அண்ணா, கொலு பாக்க வந்தா வழிய மறிக்கிறீங்க? சுண்டல் தீந்துபோச்சா?"

மறைக்க மனம் வரவில்லை. "உள்ள பட்டாசுப் பொட்டி இருக்குதும்மா. வேன் வந்து எடுத்துக்கினு போறவரைக்கும் பசங்களோட கோயில்ல இரு."

அவள் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வேன் வந்து போன பிறகுதான் திரும்பி வந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சா அண்ணா?"

"எடுத்தாச்சும்மா."

"நல்லா பாத்தீங்களா?"

பார்த்துத்தான் இருந்தேன். இருந்தாலும் அவளை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், நெய்யும்போது கால் வைக்கும் தறிக்குழிக்குள் கையை விட்டுத் துழாவினேன்.