முழங்கைக்கு மேலே தங்கிய மஞ்சள்

தண்ணீரூற்று என்ற ஊரில் பாண் சுடும் போறணை வைத்திருந்த சரீபின் கைகளில் சூடுபடாத இடம் குறைவு. காயங்கள் ஆறினாலும் வடுக்கள் கறுத்து, மணிக்கட்டு தொடங்கி முழங்கைக்கு மேல் வரை திட்டுத் திட்டாகக் கிடந்தன. பார்ப்பவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவருடைய மனைவி ஆசியா உம்மாவுக்கோ அவை உழுது போட்ட வயல்.

ஊரில் கேட்டவருக்கெல்லாம் சும்மா களிம்பு கிண்டிக் கொடுத்து வந்தவர் அவர். 1961இல் அவருக்கு ஓர் ஆசை பிடித்தது. மீராசாகிபு கடையின் கண்ணாடி அலுமாரியில், கொழும்பு டப்பாக்களுக்குப் பக்கத்தில், தன்னுடைய களிம்பும் இருக்கவேண்டும்.

"சொல்லை நம்பி வைக்கமாட்டன், தங்கச்சி," என்றார் மீராசாகிபு. "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் ஒரு கறுத்த வடு வெளுத்ததைக் காட்டுங்கோ. வைக்கிறன்."

அன்றைக்கே நல்லெண்ணெயும் தேன்மெழுகும் அடுப்பில் உருகின.

"நான் என்ன, உனக்குப் பாத்தியோ?" என்றார் சரீப்.

"பாத்தி இவ்வளவு கதைக்காது. கையை நீட்டுங்கோ."

வலது மணிக்கட்டில் கற்றாழைக் களிம்பு. அதற்கு மேலே, முன்கையில் வெந்தயம். முழங்கைக்கும் மேலே கஸ்தூரி மஞ்சள். ஒப்பிட்டுப் பார்க்க இடது கையைத் தொடாமல் விட்டார்.

கற்றாழை அசையவில்லை. வெந்தயமும் அப்படியே. மெழுகைக் கூட்டித் தடிப்பாக அப்பியும் பயனில்லை. மஞ்சள் பூசிய வடு மட்டும் கரி நிறத்திலிருந்து கோப்பி நிறத்துக்கு இறங்கி, பெருநாள் நெருங்கும்போது எங்கே இருந்ததென்று தேடவேண்டியதாயிற்று. ஆசியா உம்மா அதை முதலில் கோழிகளுக்குச் சொன்னார். பிறகு ஆட்டுக்கு. அதற்குப் பிறகுதான் மனிதர்களுக்கு.

மஞ்சள் களிம்பைப் போத்தல்களில் நிரப்பிக்கொண்டு, மாவு படிந்த சரீபையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். மூன்று வடுக்களையும் பார்த்த மீராசாகிபு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கீழ ரெண்டும் எப்படித் தங்கச்சி மாறும்? இவன் பள்ளியில எனக்குப் பக்கத்தில நிண்டுதானே ஒழு எடுக்கிறவன். ஒவ்வொரு தொழுகைக்கும் சவர்க்காரம் போட்டுச் சுரண்டித் தள்ளிறான்."

சரீப் அரிசி மூட்டையைப் பார்த்தார். "மெழுகு கிடந்தா தண்ணி தோலில படாது. ஒழு நிறைவேறாதே. சொன்னா நீ மனம் நோவாய் எண்டு விட்டிட்டன்."

தொழுகைக்கு முன் ஒழு எடுக்கும்போது கை கழுவுவது முழங்கை வரைதான். அதற்கு மேலிருந்த மஞ்சள் மட்டும் தப்பியிருக்கிறது. நாள் தவறாமல் தானும் ஐந்து வேளை ஒழு எடுக்கிற ஆசியா உம்மாவுக்கு இது தோன்றவே இல்லை.

"அப்ப அந்த ரெண்டையும் நான் சோதிக்கவேயில்லை," என்று போத்தல்களை இழுத்தார். "தாங்கோ காக்கா. இதுவும் பொய்யாயிருக்கும்."

பாதியில் கை நின்றது. சரீபின் இடது சட்டைக் கையை மேலே சுருட்டினார். களிம்பு படாத வடு, போறணைக் கரியாகவே இருந்தது. மஞ்சள் பொய் சொல்லவில்லை. ஆசியா உம்மா வெங்காய மூட்டையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"வாங்கிறவையும் ஒழு எடுப்பினமே," என்றார் மீராசாகிபு.

"இஷா தொழுதிட்டுப் பூசட்டும். சுபஹுக்குக் கழுவட்டும். இரவு முழுக்கக் களிம்புக்கு வேற என்ன வேலை?"

போத்தல்கள் அலுமாரிக்குள் ஏறின. மறுநாள் ஆசியா உம்மா செத்தல் மிளகாய் வாங்குகிற பாவனையில் கடையிலேயே நின்றார். வயல்காரி இரஞ்சிதம், அட்டை கடித்துக் கறுத்த கால்களோடு வந்து ஒரு போத்தலை எடுத்தாள்.

"ஆசியாக்கா, எங்களுக்கு இஷா இல்லையே. நாங்கள் எப்ப பூசிறது?"

"பள்ளியில தொழுகைக்கு வாங்கு சொல்லிறது கேக்கும்தானே பிள்ளை. கடைசி வாங்குக்குப் பூசு."

"மோதினார் ஒரு நாளைக்கு வாங்கு சொல்ல மறந்துபோனா?"

"மறக்கமாட்டார்," என்றார் ஆசியா உம்மா. "முதல் போத்தல் அவர்தான் கொண்டுபோனவர்."